மும்பையில் முதல் தமிழ் நாடகம் போடுகிறீர்களா? அரங்கச் சொற்கள், காகிதங்கள், செலவு: ஒரு வழிகாட்டி

மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கே நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தாலும், "நாமளே ஒரு நாடகம் போட்டா என்ன?" என்ற பேச்சு ஒருநாள் வந்துவிடும். எழுத ஆள் இருக்கும், நடிக்கவும் ஆள் இருக்கும். ஹால் ஆபீசில் படிவத்தை நீட்டும்போதுதான் தடுமாற்றம் ஆரம்பிக்கும். சைக்ளோரமா வேணுமா? எத்தனை லெவல்? செட்டிங் எத்தனை மணிக்கு? ஸ்கிரிப்ட் சான்றிதழ் நம்பர் என்ன? புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பில் ஏறும். எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஷோ அன்று மேடை மொட்டையாக நிற்கும்.

எங்கள் குழு இதையெல்லாம் அலைந்து திரிந்து, கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். நடிப்பது எப்படி என்பதற்கு இதில் இடமில்லை.

1. எந்த மாதிரி மேடை?

தேதி தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூடத்திலும் சபாவிலும் நாம் பார்த்துப் பழகியது புரொசீனியம் மேடை. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும், முன்னால் திரை விழும். தாதர் சிவாஜி மந்திர், முலுண்ட் காளிதாஸ், விலே பார்லே தீனாநாத் மங்கேஷ்கர், மாட்டுங்கா மைசூர் அசோசியேஷன் எல்லாம் இந்த வகை. மேடை முன்னால் நீண்டு, மூன்று பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்திருந்தால் அது த்ரஸ்ட். ஜுஹு பிருத்வி தியேட்டர் அப்படித்தான். நாற்காலிகளை இஷ்டப்படி மாற்றிப் போடக்கூடிய கறுப்பு அறை பிளாக் பாக்ஸ். நரிமன் பாயிண்ட்டில் என்சிபிஏ என்ற கலை மையத்தின் எக்ஸ்பெரிமெண்டல் தியேட்டர் ஓர் உதாரணம்.

சோபா, கதவு, ஜன்னல் வைத்த குடும்ப நாடகம் என்றால் புரொசீனியம் போதும். அதே செட்டைத் த்ரஸ்ட் மேடைக்குக் கொண்டுபோனால் ஓரத்தில் இருப்பவர்களுக்குச் சோபாவின் முதுகுதான் தெரியும்.

சண்முகானந்தா ஹால் மீது எல்லாருக்கும் ஒரு கண் உண்டு. ஆனால் அங்கே 2,700க்கு மேல் இருக்கைகள். முதல் நாடகத்துக்கு 300 பேர் வந்தாலே பெரிய விஷயம். அந்த ஹாலில் 300 பேர் உட்கார்ந்தால் காலி என்றுதான் தோன்றும். சின்ன ஹாலாகப் பிடித்து நிரப்புங்கள்.

2. தேதி, ஷிப்ட், டெபாசிட்

பெரும்பாலான நாடக ஹால்களில் வாடகை நாள் கணக்கில் இல்லை, ஷிப்ட் கணக்கில்தான். காலை, மதியம், இரவு என்று பிரித்திருப்பார்கள். நிறையப் பேர் ஏமாறும் இடம் இது: செட் போடும் நேரமும் கழற்றும் நேரமும் அந்த ஷிப்டுக்குள்ளேயே அடக்கம். நாலு மணி நேர ஷிப்டில் இரண்டரை மணி நேர நாடகம் போட்டால், செட்டுக்கும் விளக்குக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு முந்தைய ஷிப்டில் வேறு நாடகம் இருந்தால், அவர்கள் இறக்கி முடிக்கும்வரை நீங்கள் டெம்போவில் காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் நாடகத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் வையுங்கள். இது என் தாழ்மையான கட்டளை!

ரேட் கார்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். ஏசி வாடகையில் சேர்ந்ததா? டெபாசிட் எவ்வளவு, எப்படித் திரும்பி வரும்? ஜிஎஸ்டி சேர்த்த தொகையா? வார நாள், ஞாயிறு வித்தியாசம் உண்டா? ஷிப்ட் தாண்டினால் மணிக்கு எவ்வளவு? ஹாலின் விளக்குகள் எத்தனை சேரும்? ஹால் ஊழியர்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா? இவற்றில் ஏசியும் ஓவர்டைமும்தான் கடைசியில் பட்ஜெட்டைக் கவிழ்க்கும்.

இரண்டு மும்பை விஷயங்களையும் மனதில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக், அதாவது பாதை வேலைக்காக லோக்கல் ரயில்களைக் குறைத்துவிடுவார்கள். கல்யாணிலிருந்தும் வாஷியிலிருந்தும் வரும் நடிகர்கள் காலையிலேயே ஹாலுக்கு வந்துவிடட்டும். வாரக் கடைசியில் ரயில்வே அறிவிப்பு வந்ததும் குழு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். ஜூலையில் தேதி சும்மா கிடைத்தாலும் யோசியுங்கள். அட்டையில் செய்த செட் மழையில் நனைந்தால் அதோடு சரி.

3. காகிதங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். ஒத்திகை தொடங்கும் அன்றே இதையும் தொடங்குங்கள்.

முதலில் நாடகத்தின் உரிமை. சொந்தமாக எழுதியது என்றால் கவலை இல்லை. மற்றவர் எழுதியது என்றாலும், ஒரு சிறுகதையை நாடகமாக்கினாலும், ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை இருக்கும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் காலமானார். அவருடைய நாடகங்களுக்கு அந்த 60 ஆண்டு 2024 கடைசியோடு முடிந்துவிட்டது. முதல் முயற்சிக்கு அவரையே எடுத்துக்கொள்ளலாம், நடிக்க நடிக்கச் சிரிப்பு வரும் நாடகங்கள் இருக்கின்றன.

அனுமதிக் கடிதத்தில் "நாடகம் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரி போதாது. எத்தனை ஷோ, எந்தத் தேதிக்குள், ஷோவுக்கு எவ்வளவு ராயல்டி, வசனத்தைக் குறைக்கலாமா, வீடியோ எடுத்து யூடியூபில் போடலாமா என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் மறப்பார்கள், சண்டையும் அதில்தான் வரும்.

காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. அமெச்சூர் குழு, காசு கொடுக்காத பார்வையாளர்களுக்கு முன்னால் நடத்தினால் அது மீறல் ஆகாது. ஆனால் "டோனர் பாஸ்" என்று பெயர் வைத்துக் காசு வாங்கிவிட்டு, இது இலவச ஷோ என்று வாதாட முடியாது.

அடுத்தது மகாராஷ்டிராவில் கேட்பது, ஸ்கிரிப்ட் சான்றிதழ். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டதும் "சினிமாவுக்குத்தானே சென்சார்?" என்பார்கள். இங்கே நாடகப் பிரதியையும் படித்துப் பார்த்துச் சான்றிதழ் தரும் அரசு வாரியம் இருக்கிறது. ரங்கபூமி பிரயோக் பரிநிரீக்ஷண் மண்டல் என்று பெயர். டிக்கெட் ஷோ என்றால் ஹால்காரர்கள் பொதுவாக இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். சங்க ஆண்டு விழாவில் போடும் அரை மணி நேர நாடகம்தானே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஹால் ஆபீசில் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, அந்தப் பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்குப் பிரதியைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, பக்க எண் போட்டு, பைண்ட் செய்து வையுங்கள். எத்தனை நகல், கட்டணம் எவ்வளவு என்பதைக் கொடுக்கும் நேரத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. கூடவே மராத்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கக் கதைச் சுருக்கம் இணையுங்கள். தமிழ்ப் பிரதி "இது என்னவென்றே தெரியவில்லையே" என்று ஓரமாக ஒதுங்கிவிடாமல் இருக்க இது உதவும். ஷோவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதாவது கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் அந்தப் பிரதிக்குத்தான். ஒத்திகையில் யாரோ சேர்த்த அரசியல் ஜோக்குக்கு அது பொருந்தாது. அதனால் பிரதி கெட்டியான பிறகு கொடுங்கள்.

ஹால் இல்லாமல் மைதானத்திலோ சொசைட்டி வளாகத்திலோ பந்தல் போட்டு நடத்தினால் போலீஸ் அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி எல்லாம் உங்கள் தலையில் விழும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி எல்லை என்பதை மறக்க வேண்டாம்.

பின்னணியில் சினிமாப் பாட்டு போடுவதாக இருந்தால், மெட்டுக்கும் வரிக்கும் ஓர் உரிமை, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. ஒன்றை வாங்கிவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளூரில் கீபோர்டு வாசிக்கும் பையன் யாராவது இருந்தால் அவனை உட்கார வைத்துவிடுங்கள். செலவும் குறையும், நாடகத்துக்கும் அது பொருந்தி வரும்.

டிக்கெட் விலையைப் பொறுத்தவரை, நாடக நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கில் இருக்கிறது. 499, 500 என்று டிக்கெட் விலைகளைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

4. மேடையின் திசைகள்

ஒத்திகையில் முதல் வாரமே இதைப் பழக்கிவிடுங்கள். இடது, வலது என்றால் நடிகரின் இடது, வலது. அதாவது ஜனங்களைப் பார்த்து நிற்கும் நடிகருக்கு எது இடது கையோ அதுதான் ஸ்டேஜ் லெப்ட். இயக்குநர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தன் இடதைச் சொன்னால் எல்லாம் தலைகீழ். ஜனங்களுக்குப் பக்கம் டவுன்ஸ்டேஜ், பின்சுவர்ப் பக்கம் அப்ஸ்டேஜ். பழைய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருந்ததால் வந்த பேச்சு இது. இடது, நடு, வலது மூன்றும், முன், நடு, பின் மூன்றும் சேர்ந்தால் ஒன்பது கட்டம். ஒரு காகிதத்தில் ஒன்பது கட்டம் போட்டு ஒவ்வொரு நடிகரிடமும் கொடுங்கள்.

யார், எப்போது, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகிறார் என்று தீர்மானிப்பதுதான் பிளாக்கிங். பின்னால் இருப்பவரிடம் பேச முன்னால் இருப்பவர் முதுகைக் காட்ட வேண்டி வந்தால், பின்னால் இருப்பவர் அவரை அப்ஸ்டேஜ் செய்கிறார் என்பார்கள். வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். முகத்தைக் கொஞ்சம் ஜனங்கள் பக்கம் திருப்பி, அதே சமயம் எதிரில் இருப்பவரிடம் பேசுவது போலக் காட்டுவது சீட் பண்ணுவது. திட்டு இல்லை, தொழில் பேச்சு.

மேடையின் ஓரங்களில் தொங்கும் கறுப்புத் துணிகளும் அவற்றுக்குப் பின்னால் நடிகர் காத்திருக்கும் இடமும் விங். மேலே விளக்குகளை மறைக்கும் குறுக்குத் துணியை மும்பையில் ஜாலர் என்பார்கள். பின்னால் முழு அகலத்துக்கும் வானம் போல விரியும் வெள்ளைத் திரை சைக்ளோரமா. திரைக்கும் மேடை விளிம்புக்கும் நடுவே மிஞ்சும் முன்பகுதி ஏப்ரன். "திரை எப்படி வேணும்?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமிருந்து வந்து நடுவில் சேர்வது, மேலிருந்து இறங்குவது என மூன்று வகை. சிலப்பதிகார அரங்கேற்று காதை இவற்றைத்தான் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்கிறது.

லெவல் என்பது மரப்பெட்டி மேடை. வாசல் திண்ணைக்கோ மாடிக்கோ இதைத்தான் அடுக்குவார்கள். நீள, அகல, உயரத்தை முன்கூட்டியே அளந்து சொல்லுங்கள்.

ஹாலை உறுதி செய்யுமுன் முதல் வரிசையின் இரண்டு மூலை நாற்காலிகளிலும் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து விங்கில் நிற்பவர் தெரிந்தால், ஷோ அன்று உங்கள் நடிகர் மூக்கைச் சொறிவதும் தெரியும்.

5. விளக்கும் ஒலியும்

விளக்குக்காரரிடம் பேச நாலைந்து சொல் போதும். வாஷ் என்றால் மேடை முழுக்கப் பரவும் பொது வெளிச்சம். ஸ்பெஷல் என்றால் ஓர் இடத்துக்கு மட்டும். ஓரம் மங்கலாகக் கரையும் வெளிச்சம் வேண்டும் என்றால் ஃப்ரெனெல், கத்தியால் வெட்டியது போல் ஓரம் வேண்டும் என்றால் புரொஃபைல். ஜன்னல் கம்பி நிழல் போன்ற வடிவங்களுக்குப் புரொஃபைலில் செருகும் தகடு கோபோ. வண்ணத் தாள் ஜெல். பார் என்பது மலிவான, எங்கும் கிடைக்கும் விளக்கு.

வாடகைக்கு விளக்கு எடுக்கும்போது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். பழைய பார் 64 விளக்கு ஒன்று 1,000 வாட். டிம்மரின் ஒரு சேனல் 2,000 வாட் என்றால் அதில் இரண்டுக்கு மேல் போடக் கூடாது. எல்இடி பார் என்றால் இந்தத் தலைவலி குறைவு, ஆனால் முகத்தின் நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியலாம். ஒப்பனையை வீட்டு டியூப்லைட்டில் முடிவு செய்யாமல் அந்த விளக்கிலேயே ஒருமுறை பாருங்கள்.

மைக்கைப் பற்றி எனக்கு ஒரு கறாரான கருத்து உண்டு. மேடையில் மைக் தொங்கினால் நம் ஆட்கள் அதற்கு நேர் கீழே போய் நின்று வசனம் பேசுவார்கள். மூன்று பேர் வந்தால் மூன்று மைக்குக்குக் கீழே மூன்று கம்பம். 300 பேர் ஹாலில் குரலை எட்ட வைக்கப் பழகினால் மைக்கே தேவைப்படாது. கட்டாயம் வேண்டும் என்றால் மேடை விளிம்பில் தரையோடு வைக்கும் ஃபுட் மைக் கேளுங்கள். காலர் மைக் வாடகை ஆளுக்கு ஒன்றாக ஏறும். புடவைத் தலைப்பு உரசும் சத்தமும் அதில் கேட்கும்.

6. ஸ்டேஜ் மேனேஜரும் பிராம்ப்ட் புக்கும்

நடிக்கத் தெரியாதவரை ஸ்டேஜ் மேனேஜராகப் போடுவது நம் வழக்கம். குழுவிலேயே நிதானமானவரை, நேரம் தவறாதவரைப் போடுங்கள். திரை தூக்கிய பிறகு இயக்குநருக்கே அங்கே வேலை கிடையாது, எல்லாம் ஸ்டேஜ் மேனேஜர் குரலில்தான் நடக்கும்.

அவர் கையில் இருப்பது பிராம்ப்ட் புக். செய்வது சுலபம். ஸ்கிரிப்டை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு ரிங் ஃபைலில் போடுங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளையாக இருக்கும். அங்கே பென்சிலால் குறிப்பு: "லைட் 14: அம்மா 'போயிட்டு வா' என்றதும்; 5 செகண்ட்." "சவுண்ட் 6: கதவு மூடியதும், காலிங் பெல்." "ராகவன், வலது விங், பெட்டியோடு." பேனா வேண்டாம், கடைசி வாரம் வரை மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த ஒவ்வொரு குறிப்பும் ஒரு க்யூ. கூப்பிடுவதற்கு முறை உண்டு. கொஞ்சம் முன்னால் "ஸ்டாண்ட்பை லைட் 14" என்பார். விளக்கை இயக்கும் ஆபரேட்டர் "ஸ்டாண்ட்பை" என்று பதில் சொல்வார். சரியான நொடியில் "லைட் 14, கோ." கோ என்ற சொல்லைக் கேட்டதும் கை அழுத்திவிடும். அதனால் ஹெட்செட்டில் வேறு எதற்கும் அந்தச் சொல் வரக் கூடாது. ஆபரேட்டர் தமிழ் தெரியாதவராக இருப்பார் என்பதால் வசனத்தை வைத்து அவராக க்யூ பிடிக்க முடியாது. நம்பர்தான் அவருக்கு மொழி.

இன்னொரு வேலை பிராப் மேசை. விங்குக்குப் பின்னால் ஒரு மேசையில் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதன் ஓரத்தைப் பேனாவால் வரைந்து பெயர் எழுதுங்கள்: டபரா, டம்ளர், மூக்குக் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை. ஷோ தொடங்குமுன் ஒரு பார்வை பார்த்தால் போதும். எந்தக் கோட்டுக்குள் பொருள் இல்லையோ அது இன்னும் பைக்குள் இருக்கிறது.

சோபா எங்கே, நாற்காலி எங்கே என்று தரையில் ஒட்டும் சின்ன டேப் துண்டுகள் ஸ்பைக். படி விளிம்பிலும் லெவல் விளிம்பிலும் இருட்டில் ஒளிரும் டேப் ஒட்டுங்கள். விளக்கெல்லாம் அணைந்த பிளாக் அவுட்டில் நடிகர் இறங்கும்போது தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

7. ஒத்திகையின் படிகள்

வாசிப்பு, பிளாக்கிங், பிரதி இல்லாமல் நடிப்பது, நிறுத்தாமல் முழுதும் ஓட்டும் ரன் துரூ. இதுவரை எந்த அறையிலும் செய்யலாம். தாலீம் என்று மராத்திக் குழுக்கள் சொன்னால் ஒத்திகை என்று புரிந்துகொள்ளுங்கள். பிரயோக் என்றால் ஷோ.

அப்புறம் க்யூ டு க்யூ. வசனங்களைத் தாண்டி, விளக்கோ ஒலியோ மாறும் இடங்களை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. நடிகர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், முன்பே சொல்லி வையுங்கள். கடைசியாக உடை, ஒப்பனை, விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு கிராண்ட் ரிகர்சல். மராத்தியில் ரங்கீத் தாலீம். இதற்கு இன்னொரு ஷிப்ட் வாடகை ஆகும். விளம்பர பேனரைக் குறைத்தாவது இதற்குக் காசு ஒதுக்குங்கள்.

8. ஷோ நாள்

ஹாலுக்குள் நுழைந்ததும் முதல் வேலை விளக்கு, இரண்டாவது செட், மூன்றாவது ஒலி. எல்லாரும் சேர்ந்து சோபாவை இழுத்துப் போட்டுவிட்டால் விளக்குக்காரர் ஏணி வைக்க இடம் இருக்காது. ஹால் ஊழியர்களிடம் "பாவூ, ஜாலர் தோடா நீச்சே" என்று மரியாதையாகக் கேளுங்கள், நடக்கும். டீயும் வடா பாவும் அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மும்பையில் மணி மூன்று முறை அடிக்கும். முதல் மணி, ஜனங்கள் உள்ளே வரலாம். இரண்டாவது மணி, நடிகர்கள் இடத்துக்குப் போக வேண்டும். மூன்றாவது மணி, தீஸ்ரி கண்டி, தொடங்கிவிட்டது. நடுவில் எத்தனை நிமிடம் என்பது ஹாலுக்கு ஹால் மாறும். "சீஃப் கெஸ்ட் வந்துட்டிருக்கார்" என்று மூன்றாவது மணியைத் தள்ளாதீர்கள். அந்த நிமிடங்கள் கடைசியில் ஓவர்டைம் பில்லாக வரும், கடைசி லோக்கலைப் பிடிக்க வேண்டியவர்கள் உச்சக்கட்டத்தில் எழுந்து போவார்கள்.

பூஜை போட்டுத் தொடங்குவது நல்லதுதான். ஆனால் கற்பூரம் ஏற்றுமுன் ஹால் மேனேஜரிடம் கேளுங்கள், திரைத் துணிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

9. ஸ்ட்ரைக்

செட்டைக் கழற்றி மேடையைக் காலி செய்வதுதான் ஸ்ட்ரைக். கைதட்டல் முடிந்ததும் நடிகர்கள் எல்லாரும் போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள். யார் சோபா, யார் டேப், யார் உடைப்பெட்டி என்று முதல்நாளே பெயர் எழுதி விங்கில் ஒட்டுங்கள். தரையில் ஒட்டிய டேப்பை மிச்சம் வைத்தால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். போகுமுன் ஹால் ஊழியரை மேடைக்கு அழைத்துக் காட்டி, சேதம் இல்லை என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் ரசீதின் அசல் இல்லாமல் பணம் வராது, பொருளாளரிடம் இருக்கட்டும். சான்றிதழ், அனுமதிக் கடிதம், க்யூ பட்டியல் மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். முலுண்டிலிருந்தோ வாஷியிலிருந்தோ யாராவது "எங்க சங்கத்துலயும் போடுங்களேன்" என்று கூப்பிடும்போது முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.